எந்தப் புனர்வாழ்வு?

அத்தியாயம் பதினொன்று

நாவற்குடாவில் சுலோஜனா அன்ரியின் குசினி விடிய முன்னமே விழித்துவிடும். மட்டக்களப்பு நகரத்துக் கந்தோர்களில் வேலை செய்கிறவர்களுக்குப் பகல் சாப்பாடு அங்கிருந்துதான் போகிறது. சோறு, பருப்பு, மீன் கறி, சுண்டல், பொரித்த மிளகாய் எல்லாவற்றையும் பார்சலாகச் சுற்றிப் பெட்டியில் அடுக்கி வானில் ஏற்றுவார்கள். வானை ஓட்டுவது உதயரூபன். தேங்காய் திருவுவதும் மரக்கறி அரிவதும் அவன் மனைவி கேதீஸ்வரி.

அன்று வழமையான கறிகளோடு, ஒரு மூலையில் தனிச் சட்டியில் இறால் கொதித்துக்கொண்டிருந்தது. வாவி இறால், முருங்கைக்காய் போட்டு. கந்தோர்ப் பார்சலுக்கு இறால் போட அன்ரிக்கு என்ன விசரா? கேதீஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"இது ஆருக்கு அன்ரி?"

"என்ட மகனுக்கு. இண்டைக்கு அவன்ட பிறந்த நாள். லக்ஷனுக்கு இறாலும் முருங்கைக்காயும் என்டா உசிர்."

கேதீஸ்வரி திருவலைக்குக் குனிந்துகொண்டாள். லக்ஷன் பள்ளிக்கூடம் முடித்த கையோடு இயக்கத்துக்குப் போனவன். சண்டை முடிந்தபோது வன்னியில் சரணடைந்தவர்களில் அவனும் ஒருவன் என்றும், வெலிக்கந்தைப் பக்கத்துப் புனர்வாழ்வு முகாமில் அவனைக் கண்டதாகவும் யாரோ வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அன்ரி அவனுக்குத் திவசம் கொடுப்பதில்லை. பிறந்த நாளுக்குச் சமைப்பார், அவ்வளவுதான்.

"வருசா வருசம் சமைச்சுப்போட்டு, ஆருக்குக் குடுக்கிற என்டு தெரியாம சட்டியைப் பார்த்துக்கொண்டு இருப்பன்," என்றார் அன்ரி. "இந்த முறை ஆள் இருக்கு. பார்சல் குடுத்துட்டு வந்த உடனே உதயனை உள்ள வந்து சாப்பிடச் சொல்லு புள்ள. அவரிட்ட ஒண்டு கேக்கணும்."

"என்னத்தை அன்ரி?"

"வேற என்னத்தை? என்ட புள்ளையைக் கண்டவரா என்டுதான். அவர் வேலைக்கு வந்த நாள்ல இருந்து நெஞ்சு அடிச்சுக்கொண்டு கிடக்கு. ஆறின புண்ணைக் கிண்டக் கூடாது என்டு விட்டுட்டன். இண்டைக்குக் கேக்காட்டி மறுகா எப்பக் கேக்கிற?"

கேதீஸ்வரியின் கை திருவலையிலேயே நின்றுவிட்டது.

தொடரை இடையில் பிடித்தவர்கள் முழிக்க வேண்டாம். நடந்தது இதுதான். உதயரூபன் வாழைச்சேனைத் துறையிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓட்டியவன். இரவெல்லாம் கண்விழித்து ஓட வேண்டும். "இதை ஒருக்கா இழுத்துப் பார், நித்திரை கிட்டவும் வராது" என்று இன்னொரு லொறிக்காரன் நீட்டியதுதான் ஐஸ் என்கிற போதைப்பொருள். முதலில் நித்திரைக்குப் பயந்து இழுத்தான். பிறகு நித்திரை வராத பகலிலும் இழுத்தான். சோதனைச் சாவடியில் சட்டைப் பையில் இருந்த சின்னப் பொட்டலத்தோடு பிடிபட்டான். "மீனுக்கும் ஐஸ், றைவருக்கும் ஐஸ்" என்று வாழைச்சேனைச் சந்தை முழுக்கச் சிரித்தது; அந்தக் கதை நாவற்குடா வரைக்கும் வரவில்லை. நீதிமன்றம் குற்றவாளியென்று தீர்த்து அவனைப் புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவனை லொறிக்காரர் எவரும் சேர்க்கவில்லை.

அப்போதுதான் அன்ரியின் பழைய சாரதி வெளிநாடு போனான். கேதீஸ்வரி துணிந்து போய்க் கேட்டாள். "இவர் வெலிக்கந்தையில புனர்வாழ்வில இருந்து வந்தவர் அன்ரி. அதால ஒருத்தரும் வேலை குடுக்கிறாங்க இல்ல."

வேறு ஊரென்றால் இந்தச் சொல்லைக் கேட்டு இரண்டாம் யோசனை வராது. இங்கே வரும். இயக்கத்தில் இருந்து சரணடைந்த பிள்ளைகளைக் கொண்டுபோய் வைத்ததும் புனர்வாழ்வு முகாம்தான். இப்போது போதையில் விழுந்தவர்களைக் கொண்டுபோய் வைப்பதும் புனர்வாழ்வு முகாம்தான். வெலிக்கந்தைப் பக்கம் இடமும் ஒன்று, பெயரும் ஒன்று. உதயரூபனின் வயதைப் பார்த்தால் இரண்டுக்கும் பொருந்தும்; சண்டை முடிந்து கன காலத்துக்குப் பிறகும் பழைய பிள்ளைகளைப் பிடித்து அங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

சுலோஜனா அன்ரி உடனே கேதீஸ்வரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் நிரம்பிவிட்டது. "வரச் சொல்லு புள்ள, நாளைக்கே வரச் சொல்லு" என்றார். அவர் எதை நினைத்துக்கொண்டார் என்பது அந்தக் கண்ணைக் கண்ட கணமே கேதீஸ்வரிக்கு விளங்கிவிட்டது. இல்லை அன்ரி, நீங்கள் நினைக்கிற புனர்வாழ்வு இல்லை என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அவள் அந்த மூச்சை உள்ளே இழுத்தாள், வெளியே விடவில்லை.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், உதயரூபனுக்கு இதுவும் தெரியாது, லக்ஷனின் கதையும் தெரியாது. அன்ரிக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் வேலை தந்தார் என்றே அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

பார்சல் ஏற்றிய வான் பட்டணத்துக்குப் போனதும், கேதீஸ்வரி அன்ரியிடம் ஒரு சாட்டுச் சொல்லிவிட்டு அடுத்த ஒழுங்கையில் இருந்த தன் வீட்டுக்கு ஓடினாள். மகள் யசோதினி பள்ளிக்கூடம் போய்விட்டாள். வளவில், பின்பக்கத்து அறை வாசலில் அப்பா நல்லரத்தினம் கதிரையில் இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் தங்கள் குடியின் சார்பில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர். திருவிழா வந்தால் பரிவட்டம் கட்டி முன்னுக்கு நிற்கிற ஆள். மருமகன் பிடிபட்ட நாளிலிருந்து அவனோடு நேரே ஒரு சொல் பேசியதில்லை. "சாப்பிட வாங்க" என்றால்கூட மகளுக்குச் சொல்லித்தான் அவனுக்குப் போகும்.

"அப்பா, சுலோஜனா அன்ரி இவரைக் கூப்பிட்டுக் கேக்கப்போறாவாம். அவட மகனைக் காம்பில கண்டவரா என்டு."

நல்லரத்தினம் பத்திரிகையை மடித்தார். "கண்டன் என்டு சொல்லட்டும்."

"அப்பா!"

"என்ன அப்பா? நல்லாத்தான் இருந்தவர், மறுகா வேற இடத்துக்கு மாத்திட்டாங்க என்டு சொன்னா, அந்த மனிசிக்கும் ஒரு ஆறுதல்தானே. ஆருக்கு நட்டம்?"

"பொய்யைச் சொல்லி ஒரு தாய்க்கு ஆறுதலா?"

"பெரிசாக் கதைக்காத புள்ள. கோயில்ல என்னையும் கேட்டாங்க, மருமகன் இவ்வளவு நாளும் எங்க என்டு. புனர்வாழ்வில என்டன். ஓ, இயக்கமா என்டு பக்கத்தில நிண்டவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஓம் என்டும் சொல்லல்ல, இல்ல என்டும் சொல்லல்ல. கடலை தந்தாங்க, வாங்கிச் சாப்பிட்டன்."

"அது பொய்தானே அப்பா."

"எது பொய்? அவர் இருந்தது புனர்வாழ்வா, இல்லையா?"

கேதீஸ்வரிக்கு முகம் சுட்டது. இதே கேள்வியைத்தான் அவள் தனக்குத்தானே கேட்டுக் கேட்டு, இதே பதிலைத்தான் சொல்லிச் சொல்லி வந்தாள். அப்பாவின் வாயில் கேட்கும்போதுதான் அதன் அசிங்கம் தெரிந்தது. கோயிலில் கும்பிடு வாங்கிய மனிதரைக் குறைசொல்ல அவளுக்கு என்ன தகுதி?

நல்லரத்தினம் குரலை இறக்கினார். "எனக்கு வெக்கம் இல்லை என்டு நினைக்கிறியா? ஐஸ் அடிச்சவன்ட மாமன் என்டு சாமிக்கு முன்னால நிக்க எனக்கு ஏலாது புள்ள. ஏலாது." அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவள் நின்று பார்த்தாள். தேற்றத் தெரியவில்லை. போய்விட்டாள்.

வழி முழுக்க ஒரே யோசனை. அன்ரி கேட்க முன் உதயனிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் என்ன நடக்கும்? அவன் திரும்ப எழும்பி நிற்பதே, எல்லாம் தெரிந்த ஒருத்தி என்னை நம்பினாள் என்ற ஒரே ஒரு பிடியில். அந்தப் பிடியைத் தன் கையாலேயே உருவ வேண்டும். உருவினால் அவன் பழைய கூட்டாளிகளிடமே போய் விழுந்துவிட்டால்?

அன்ரியின் வாசலில் வான் வந்து நின்றது. உதயரூபன் இறங்கினான். சிரித்துக்கொண்டு இறங்கினான்! அந்தச் சிரிப்பைக் கண்டு எவ்வளவு காலம்.

"கேதி, இண்டைக்கு என்ன நடந்த தெரியுமா? கல்லடிப் பாலத்தடியில பொலிஸ் மறிச்சவங்க. ஒருத்தர் என்னை அடையாளம் கண்டுட்டார். பார்சலுக்குள்ள என்ன வைச்சிருக்காய் என்டு ஒரு மாதிரிக் கேட்டார். முந்தி என்டா நான் தலையைக் குனிஞ்சிருப்பன்."

"மறுகா?"

"மறுகா என்ன! நான் சொன்னன், ஐயா, நான் என்ன செய்தனான் என்டு என்ட முதலாளியம்மாக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் வானைத் தந்தவ, வேணும் என்டா எல்லாத்தையும் பிரிச்சுப் பாருங்க என்டு. அந்த ஆள் பெட்டியையே தொடல்ல. போ என்டுட்டார்." அவன் வானின் கதவைத் தட்டினான். "ஒருத்தருக்கு எல்லாம் தெரியும் என்டா, அவவுக்கு முன்னால நிக்கிறதுக்குப் பயமே இல்ல கேதி. சத்தியமாச் சொல்றன், உனக்கு முன்னால கூட என்னால அப்பிடி நிக்க ஏலாது."

"இஞ்சாருங்க..."

"என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் அவன் முகத்தில் இருந்தது. சொல்லியிருக்கலாம்தான். நீங்களும் நானும் அந்த இடத்தில் நின்றிருந்தால் சொல்லியிருப்போமா? எனக்கு நிச்சயமில்லை.

"சோறு ஆறுது மனே, உள்ள வாங்க!" என்று உள்ளேயிருந்து அன்ரியின் குரல் வந்தது. மனே! பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. கேதீஸ்வரிக்கு அங்கேயே நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

உதயரூபன் வழமையில் வெளியே ஓலைக் கொட்டிலில் இருந்து சாப்பிடுகிறவன். இன்று மேசையில் பீங்கான் வைத்திருந்தது. சுவரில் லக்ஷனின் படம், மாலை போடாமல். அன்ரியே சோறு போட்டு, இறாலைத் தேடித் தேடி அள்ளி வைத்தார். அவன் கூச்சத்தோடு பிசைந்து முதல் வாயை வைத்தான்.

"நல்லா இருக்கு அன்ரி."

"சாப்பிடுங்க மனே." அன்ரி எதிர்க் கதிரையில் இருந்தார். கையை மேசையில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். "மனே, ஒண்டு கேப்பன். மனதுக்குக் கஷ்டம் என்டா சொல்ல வேணாம். நீங்க இருந்த முகாமில எங்கட லக்ஷனைக் கண்டீங்களா?"

உதயரூபன் திரும்பிப் படத்தைப் பார்த்தான். பிறகு அன்ரியைப் பார்த்தான். அவன் முகம் இளகிப்போனது.

"உங்கட மகனும் அங்கயா அன்ரி?"

"அங்கதான் கண்ட என்டு சொன்னாங்க."

"அதான்!" அவன் கேதீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தான், பார்த்தியா என்பது போல. "அன்ரி ஏன் என்னை வேத்து ஆளாப் பாக்கல்ல என்டு எனக்கு இப்பதான் விளங்குது."

கேதீஸ்வரி குசினி வாசலில் நின்றாள். "இஞ்சாருங்க, கொஞ்சம் வாங்க" என்று சொல்லப் பார்த்தாள். அதற்குள் அவன் அன்ரி பக்கம் திரும்பிவிட்டான்.

அவன் மிக மெதுவாக, நோயாளியின் தாயிடம் கேட்கிற குரலில் கேட்டான். "அவர் என்ன பாவிச்சவர் அன்ரி? ஐஸா, தூளா?"

அன்ரிக்கு விளங்கவில்லை. "என்ன மனே?"

"வெக்கப்படாதீங்க அன்ரி. நானும் அதுக்குள்ள கிடந்தவன்தானே. ஒளிச்சு வைக்க வைக்கத்தான் அது கூடும் என்டு காம்பில சொல்லித் தந்தவங்க. நல்ல முகம். இந்த முகம் கெட்டுப் போகாது. உங்கட மகனும் ஒரு நாளைக்குத் திருந்தி வருவார், என்னைப் பாருங்க."

ஐயோ, அந்த ஆறுதல்! அவன் மனமாரச் சொன்னான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சுலோஜனா அன்ரி கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். படத்துக்கு முன்னால் போய், அதை மறைக்கிற மாதிரி நின்றார்.

"என்ட மகன் இயக்கத்தில இருந்தவன்," என்றார். "என்ட புள்ள ஒரு பீடி கூட வாயில வைக்காதவன்."

உதயரூபனின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவன் ஒன்றும் விளங்காமல் அன்ரியைப் பார்த்தான். அன்ரி கேதீஸ்வரியைப் பார்த்தார். அவனும் திரும்பி அவளையே பார்த்தான்.

"நான்தான் அன்ரி," என்றாள் கேதீஸ்வரி. "புனர்வாழ்வு என்டுதான் நான் சொன்ன. நீங்க மற்றதை நினைச்சிட்டீங்க என்டு உங்கட முகத்திலேயே கண்டன். கண்டும் வாயை மூடிக்கொண்டு இருந்துட்டன். இவருக்கு ஒண்டும் தெரியாது. இவர்... இவர் ஐஸ் வைச்சிருந்து பிடிபட்டவர்."

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தரம். பிடிபட்ட நாளிலிருந்து அவள் "அந்தப் பிரச்சினை" என்றாள், "நடந்த விசயம்" என்றாள். சந்தையில் மீன்காரர் "ஐஸ் போடு" என்று கத்தினால்கூட வேறு பக்கம் நடப்பாள்.

உதயரூபன் பீங்கானைத் தள்ளிவிட்டு எழும்பப் பார்த்தான்.

"எழும்பாதீங்க," என்றார் அன்ரி. "என்ட புள்ளைக்கு என்டு போட்ட சோறு. பாதியில எழும்பக் கூடாது."

அவன் இருந்தான். தலை நிமிரவில்லை. ஒரு பிடி எடுத்தான், விழுங்க முடியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தான். கண்ணீர் பீங்கானில் விழுந்தது. அதைத் துடைக்க அவனுக்குக் கையுமில்லை. வலக்கையில் சோறு, இடக்கையால் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தான்.

அன்ரி படத்தின் சட்டத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு வந்து திரும்பக் கதிரையில் இருந்தார்.

"அந்த இடம் எப்பிடி?" என்று கேட்டார்.

"அன்ரி..."

"நீங்க எதுக்குப் போனீங்களோ, அது கிடக்கட்டும். இடம் அதுதானே. படுக்கிறது எங்க? வெளிச்சம் வருமா? அவன் சின்னனில இருட்டுக்குப் பயம்."

அவன் சொல்லத் தொடங்கினான். முதலில் ஒவ்வொரு சொல்லாக வந்தது. நீளமான மண்டபம், தகரக் கூரை. சுற்றி வர ஒரே காடு. யானை வந்தால் தகரத்தைத் தட்டிக் கலைப்பார்கள். இரவில் ஒரு வெளிச்சம் போட்டுத்தான் இருக்கும், இருட்டாக இருக்காது அன்ரி, என்றான். தண்ணீர் உப்பு இல்லை, நல்ல தண்ணீர். விடிய மயில் கத்தும்.

"சுகமில்லாம வந்தா?"

"எனக்குத் தொடக்கத்தில உடம்பெல்லாம் நடுங்கும் அன்ரி. வேர்த்துக் கொட்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பன். பக்கத்தில படுத்த பெடியன்தான் தலையைத் தூக்கித் தண்ணி பருக்கினவன். அவன் இல்லாட்டி நான் இல்ல."

"அழுதீங்களா?"

"ஓம்."

"ஆரை நினைச்சு?"

"கேதியையும் மகளையும்," என்றான். அப்போதும் அவள் பக்கம் பார்க்கவில்லை.

கேதீஸ்வரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். யானையும் மயிலும், தண்ணீர் பருக்கிய பெடியனும், எல்லாமே அவளுக்குப் புதிது. அவன் வந்திறங்கிய நாளில் உடுப்பைத் தோய்த்துப் போட்டாள், சோறு போட்டாள், மகளைப் பக்கத்தில் இருத்தினாள். அங்கே எப்படி இருந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். மரியாதையாவது! கேட்டால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டி வரும் என்ற வெட்கம்.

அன்ரி அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ இவரிட்ட இதெல்லாம் கேட்டனியா?"

"இல்ல அன்ரி."

"ம்," என்றார் அன்ரி. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

உதயரூபன் பீங்கானை வழித்துச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான். அன்ரி அவனிடம், "தம்பி, பின்னேரம் கல்லடிக்கு ஒரு ஓடர் இருக்கு. நேரத்துக்குக் கொண்டுபோய்க் குடுங்க" என்றார். மனே என்று கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. கேதீஸ்வரியிடம் ஒன்றுமே சொல்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாளைக்கு அவள் வேலைக்கு வரலாமா, வரக்கூடாதா? யாரிடம் கேட்பது?

அவள் வானடிக்கு ஓடிப்போனாள். உதயரூபன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"உன்ட அப்பாவுக்கும் தெரியுமா?" என்று கேட்டான்.

"ஓம்."

"கோயில்லயும் இதே கதைதானா?"

"ஓம்."

அவன் கடைசிப் பெட்டியை வைத்துக் கதவைச் சாத்தினான். கோபப்படுவான் என்று பார்த்தாள். அவன் குரல் களைத்துப்போய் இருந்தது.

"நான் ஒரு பிழை செய்தன் கேதி. அதுக்குத் தண்டனையும் அனுபவிச்சன். அந்தப் பிழையைக்கூட எனக்கு விடாம, ஆர்டயோ பிள்ளைகள் பட்ட பாட்டை எடுத்து எனக்கு உடுத்தி விட்டிருக்கீங்க, என்ன?"

அவன் ஏறி வானை இயக்கினான். அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடர் குடுத்துட்டு வீட்ட வருவீங்கதானே?"

"ஆர்ட வீட்ட?" என்று கேட்டான் அவன்.

அவன் கேட்டதில் பிழையில்லை. அது நல்லரத்தினம் மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. தாலி கட்டிய அன்று அவன் ஒரு பெட்டியோடு வந்து ஏறிய வீடு. இந்த ஊரில் எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தான் வருகிறார்கள், ஒருவரும் அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. அவளும் ஒருநாளும் சொன்னதில்லை. இன்று அவன் வாயாலேயே அது வந்துவிட்டது.

"எங்கட வீட்ட," என்றாள் கேதீஸ்வரி. வான் அதற்குள் ஒழுங்கை முடிவில் திரும்பிவிட்டது. அவன் காதில் அது விழுந்ததோ தெரியாது.